புந்தோங் திடலில் கற்ற பாடம்

ஈப்போ ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் முன்வாசலில் ஒரு நிமிடம் நின்று, அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. ஹப்பக் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்து, 1917-இல் முடிந்த கட்டடம் அது. எதிரே நகர மண்டபம். அதைத் தாண்டினால் பழைய பட்டணம், காப்பிக் கடைகள், பிறகு கிந்தா ஆறு. ஊர் பார்க்க வருகிறவர்களெல்லாம் அந்தப் பக்கமே நடக்கிறார்கள். நமக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. நிலையத்தின் முதுகுப் பக்கம், தண்டவாளங்களுக்கு மேற்கே, நம்மவர்கள் நெருங்கி வாழும் ஊர் ஒன்று இருக்கிறது. அதுதான் புந்தோங்.

பேராக் மாநிலத்தில் புந்தோங்கில் ஓர் உறவுகூட இல்லாத தோட்டக் குடும்பம் குறைவு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது சிலர் வந்தார்கள். கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது இன்னும் பலர் வந்தார்கள். லயத்து வீட்டைக் காலி செய்து, தகரப் பெட்டியும் சாமி படமும் கையுமாக வந்தவர்களை இந்த ஊர் ஏற்றுக்கொண்டது. தைப்பூசத்தன்று இங்குள்ள மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டுக் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும்போது, கூட்டத்தில் பாதிப் பேர் பழைய தோட்டத்துப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரும் இதுவே. சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அண்ணே, தம்பி ஹாக்கி மட்டையைத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டான். இனி திடலுக்குப் போக மாட்டேங்கிறான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்."

"விளையாட்டுதானே தங்கச்சி, விட்டால் என்ன?" என்றேன்.

"திடலுக்குப் போனா சாயங்காலம் அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். திடலை விட்டுட்டா எங்க போவான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

பதினாறு வயதுப் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய்க்கும் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். மறுநாள் காலை வண்டியிலேயே ஏறிவிட்டேன்.

இரண்டு வருடமாக ஒரே படி

பையனின் கதை இதுதான். பத்து வயதில் மட்டையைப் பிடித்தான். முதல் இரண்டு ஆண்டில் கிடுகிடுவென்று ஏறினான். பன்னிரண்டு வயதில் பள்ளிக் குழுவில் சேர்ந்தான். பதினான்கு வயதில் இரண்டாம் குழுவுக்கு வந்தான். அதோடு நின்றது. இரண்டு ஆண்டுகளாக இரண்டாம் குழுவிலும் மாற்று ஆட்டக்காரன்தான். அவனுக்குப் பின்னால் வந்த பையன்கள் அவனைத் தாண்டி முதல் குழுவுக்குப் போய்விட்டார்கள். ஒரு நாளும் பயிற்சிக்குப் போகாமல் இருந்ததில்லை. மழை விட்டால் போதும், முதல் ஆளாய்ப் போய் நிற்பான். இருந்தும் ஏறவில்லை.

"எனக்கு அவ்வளவுதான் மாமா. கடவுள் எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்," என்றான் என்னிடம்.

மாப்பிள்ளை வேறு ஒரு கணக்கில் இருந்தார். தெரிந்தவர் ஒருவரின் வாகனப் பட்டறையில் சனி, ஞாயிறு பையனைச் சேர்த்துவிட்டால் கையில் நாலு வெள்ளி வரும், தொழிலும் படியும் என்பது அவர் எண்ணம். "மச்சான், ஆறு வருஷம் ஓடினான். என்ன கண்டான்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் பால் வெட்டி வளர்ந்தவர். இப்போது இரவுக் காவல் வேலை. வீணாகும் நேரம் எது, பலன் தரும் நேரம் எது என்று கணக்குப் பார்த்தே பழகியவர்.

எனக்கு உடனே எதுவும் சொல்லத் தெரியவில்லை. "கொஞ்சம் ஊரைச் சுற்றி வருவோம் வா," என்று பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எண்ணெயின் சத்தம்

புந்தோங்குக்கு வந்து தெங்கு உசேன் சாலைக்குப் போகாமல் திரும்புவது, பழனிக்குப் போய் மலையேறாமல் திரும்புவது போல. 'கம்போங் காச்சாங் பூத்தே' என்று ஊரே பெயர் வைத்திருக்கிற இடம். 1940-களில் எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கிய தொழில் இது. பாரதி பிறந்த ஊர்க்காரர்கள் கடலையும் முறுக்கும் பொரித்து, தலையில் சுமந்தும் சைக்கிளில் கட்டியும் விற்றார்கள். இன்று அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடை வைத்திருக்கிறார்கள். முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, பட்டாணி, மரவள்ளிக் கிழங்கு வறுவல் என்று கண்ணாடிப் பெட்டிகளில் மலைபோல் குவிந்திருக்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோரும் காரை நிறுத்திக் கிலோ கணக்கில் வாங்கிப் போவார்கள்.

ஒரு கடையின் பின்கட்டில் வயதான அம்மா ஒருவர் வாணலிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இளம்பெண் ஒருத்தி அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். என்ன குற்றம் செய்தாளோ என்று நினைத்தேன்.

"தண்டனை இல்லீங்க, படிப்பு," என்று சிரித்தார் அந்த அம்மா. "வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. முதல் மாசமே நல்லாப் பிழிவா. ஆனா எடுக்கிற பதம் மட்டும் வரலை. மணியைப் பார்த்து எடுக்கிறா. மாவு ஒரு நாள் தளர்த்தியா இருக்கும், ஒரு நாள் கெட்டியா இருக்கும். மணிக்கு அது தெரியுமா? எண்ணெய்க்குத்தான் தெரியும். அதான் திரும்பி நின்னு சத்தத்தை மட்டும் கேளுன்னேன்."

மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறும்வரை எண்ணெய் சளசளவென்று கத்தும். தண்ணீர் வற்ற வற்ற நுரையும் சத்தமும் அடங்கும். அந்த அடக்கத்தைக் காது பிடித்துக்கொண்டால் முறுக்கு கருகாது, நமுக்காது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண், "இப்ப எடுங்கம்மா," என்றாள். கொஞ்சம் முந்திவிட்டது. அம்மா கோபிக்கவில்லை. "இன்னும் பத்து எண்ணு," என்றார்.

கால் கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. ஒரு வருடம் மணியைப் பார்த்து எடுத்த பெண், இன்னும் பத்து வருடம் மணியைப் பார்த்து எடுத்தாலும் அதே இடத்தில்தான் நிற்பாள். காலம் மட்டும் ஒருவரை மேலே தூக்கிவிடுவதில்லை.

பனிமலைக் கதை

பையனுக்கு ஆரம்ப நாளில் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் ஒருவர் அருகிலேயே இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எழுபதைத் தாண்டியவர். மாலையில் அவரைத் திடலுக்கு வரச் சொன்னோம். பையன் வேண்டா வெறுப்பாகப் பரணிலிருந்து மட்டையை இறக்கினான்.

மாஸ்டர் இருபது நிமிடம் வாய் திறக்கவில்லை. பையன்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு பையனை அழைத்தார்.

"தம்பி, உன் இடது பக்கம் பந்து பதினோரு முறை வந்தது. ஒன்பது முறை நீ பந்தைச் சுற்றி ஓடி, அதை வலது பக்கத்துக்குக் கொண்டுவந்துதான் ஆடினாய். உனக்குத் தெரியுமா?"

"இல்லீங்க மாஸ்டர்," என்றான் பையன். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை.

ஹாக்கி தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். வலது பக்கம் வரும் பந்துக்கு இது சுலபம். இடது பக்கம் வரும் பந்துக்கு மணிக்கட்டைத் திருப்பி மட்டையைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். இது கடினம். சின்ன வயதில் எதிராளிகள் மெதுவாக ஓடுவார்கள். பந்தைச் சுற்றி ஓடிச் சமாளித்துவிடலாம். பெரிய ஆட்டத்தில் அந்த ஒரு நொடி கிடைக்காது. பையன் கற்ற தந்திரமே அவன் காலைக் கட்டியிருந்தது.

மாஸ்டர் எங்களைப் பக்கத்துக் கல்லில் உட்காரச் சொன்னார். அவர் மகள் கனடாவில் இருக்கிறாள். குளிர்காலத்தில் அங்கே போனபோது பேரப்பிள்ளைகள் பனிச்சறுக்குப் பழகிய மலைக்கு இவரையும் கூட்டிப் போனார்களாம்.

"எனக்குப் பனியில் நிற்கவே பயம். அடிவாரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்," என்று சொல்லத் தொடங்கினார். "புதிதாக வருகிறவர்கள் இரண்டு சறுக்குப் பலகைகளின் முன்முனையையும் ஆப்பு மாதிரி சேர்த்துப் பிடித்து, மெதுவாக இறங்குவார்கள். சில நாளில் அது வந்துவிடுகிறது. பிறகு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பவும் ஓரளவு வந்துவிடுகிறது. அதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வருடா வருடம் வருகிறார்கள், வருடா வருடம் அதே சறுக்கல்தான். ஏன் தெரியுமா? சரிவு கொஞ்சம் செங்குத்தானால் பயம். பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதிக்குப் பிடிமானம் போய்விடுகிறது. திரும்ப முடியாது. வேகம் கூடும். இன்னும் பயம். இன்னும் சாய்வு."

"அதற்கு என்ன செய்கிறார்கள் மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கு ஆச்சரியம். மேலே கூட்டிப் போகவில்லை, கீழே கூட்டி வந்தார்கள்! குழந்தைகள் பழகும் சின்னச் சரிவுக்கு. அங்கே கைக்கோல்களைப் பிடுங்கி வைத்துவிட்டு, 'உள்பக்கத்துக் காலை லேசாகத் தூக்கிக்கொண்டு திரும்பு' என்றார் வாத்தியார். ஒரு காலைத் தூக்கினால் உடம்பின் பாரம் வெளிப்பக்கத்துக் காலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. மருமகனைப் போன்ற பெரிய ஆட்கள் குழந்தைகள் நடுவே தடுமாறிக்கொண்டிருந்தார்கள். வெட்கம்தான். ஆனால் அந்த வெட்கத்தைத் தாங்கியவர்கள் ஒரு வாரத்தில் மேலே போய் வேறு மாதிரி இறங்கினார்கள்."

பனியைக் கண்ணால் பார்க்காத நாட்டிலிருந்தும் 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப் என்ற பனிச்சறுக்கு வீரர் மலேசியாவுக்காகக் கலந்துகொண்டார். அவரும் ஒரு நாள் அந்தச் சின்னச் சரிவில் நின்றவர்தான்.

"நாளையிலிருந்து உனக்கும் சின்னச் சரிவுதான் தம்பி," என்றார் மாஸ்டர். "காலை ஆறே முக்காலுக்குக் காலித் திடல். எதிராளி கிடையாது. இருபது நிமிடம். பந்து இடது பக்கம் மட்டும்தான் வரும். சுற்றி ஓடக் கூடாது. ஒன்று சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள். முதல் சில வாரம் உன் ஆட்டம் இப்போது இருப்பதைவிடக் கெட்டுப்போகும். பழைய பழக்கம் போயிருக்கும், புதியது வந்திருக்காது. அப்போது ஓடிவிடாதே."

கிழட்டு மரம்

அன்றிரவு சாப்பாட்டின்போது இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். மூன்று வாரம் ஆட்டம் கெடும் என்றதும் அவர் முகம் மாறியது. "இருக்கிறதையும் கெடுத்துக்கிறதுக்கு ஒரு மாஸ்டரா?" என்றார்.

நான் பேச்சை மாற்றினேன். "மாப்பிள்ளை, நீங்கள் பால் வெட்டப் பழகியது எப்படி?"

கித்தா மரத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்குக் களைப்பு போய்விடும். பட்டைக்கு உள்ளே மரத்தின் உயிர் இருக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. பால் குழாய்கள் அதை ஒட்டியே அதிகம். ஆழம் போதாமல் சீவினால் பால் குறையும். ஒரு மயிரிழை கூடினால் உள்அடுக்கில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். காயத்துக்கும் பாலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி.

"முதல் வருஷம் நான் தொட்டும் தொடாம சீவுவேன் மச்சான்," என்றார். "காயம் பட்டா மண்டோர் ஏசுவாரே! அதனால மரத்துக்கு மரம் பால் குறைவு. பக்கத்து நிரைக்காரன் வாளி நிறையும். என் வாளி முக்கால்தான். காண்டா தூக்கிட்டு ஸ்டோருக்குப் போகவே வெட்கமா இருக்கும். ஒரு வருஷம் அப்படியே ஓடிச்சு. அப்புறம் ஒரு வயசான கங்காணி என்ன செஞ்சார் தெரியுமா? சாய்க்கப்போற கிழட்டு மரம் ஒரு வரிசை இருந்தது. அங்க கொண்டுபோய் விட்டு, 'இந்த மரத்துக்கு இனிமே ஆயுசு இல்லை. ஆழமா வெட்டு. காயம் பட்டாலும் கேக்க ஆள் இல்லை. கத்தி எங்க நிக்கணும்னு உன் கை தெரிஞ்சிக்கட்டும்' என்றார். பத்து நாள் வெட்டினேன். காயம் காயமா வெட்டினேன். அப்புறம்தான் காயத்துக்கு முந்தின இடம் எதுன்னு கைக்குத் தெரிஞ்சது..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். தட்டைப் பார்த்தார். பையனைப் பார்த்தார்.

"கிழட்டு மரம்," என்றார் தமக்குத்தாமே.

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. தங்கை மட்டும் ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாடும் நின்ற இடம்

மறுநாள் ஊர் திரும்புமுன் ஈப்போவில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா அரங்கத்தின் பக்கம் பையனைக் கூட்டிப்போனேன். அந்தப் பெயரில் நடக்கும் ஹாக்கிப் போட்டி 1983-இல் தொடங்கியது. நம் நாடு 1985, 2007, 2009, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றது. ஐந்து முறை வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. 2022 நவம்பரில்தான், இதே ஈப்போவில், தென்கொரியாவை மூன்றுக்கு இரண்டு என்று வென்று முதன்முறையாகக் கிண்ணத்தை எடுத்தது. 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காம் இடம் பிடித்தது. 2023 வரை நடந்த உலகக் கிண்ணங்களில் அதற்கு மேலே நாம் போகவில்லை. நின்றுபோவது ஒரு பிள்ளைக்கு மட்டும் வருவதில்லை. ஒரு நாட்டுக்கே வரும்.

ஜாம்பவான்களுக்கும் வந்திருக்கிறது. 1976 மொண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி நடந்தபோது, எட்டு முறை... இல்லை, அதற்கு முன்பே ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. இயற்கைப் புல்லில் பழகிய கைக்குப் புதிய தரை புதிய பாடம் கேட்டது. பழைய திறமை பொய்யில்லை. ஆனால் அதுமட்டும் போதவில்லை.

இதை அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி பழகுகிறவர்களைக் கவனித்து 1897-இலும் 1899-இலும் எழுதினார்கள். பழகுகிறவரின் வேகம் முதலில் ஏறியது. பிறகு பல வாரம் அசையாமல் ஒரே மட்டத்தில் நின்றது. பின்பு மறுபடி ஏறியது. ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டவர், முழுச் சொல்லாகக் கேட்கப் பழகியதும்தான் மேலே போனார் என்பது அவர்கள் சொன்ன காரணம். இப்படி ஒரு தேக்கம் எல்லோருக்கும் கட்டாயம் வரும் என்பதில்லை என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் வந்தவர்களுக்கு வழி இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

கெட்டுப்போன மூன்று வாரம்

மாஸ்டர் சொன்னது அப்படியே நடந்தது. இரண்டாவது வாரம் பையனின் ஆட்டம் தாறுமாறானது. இடது பக்கம் வந்த பந்தெல்லாம் மட்டையில் பட்டு எங்கோ தெறித்தது. மூன்றாவது வாரம் ஒரு போட்டிக்கு மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்கூட அவன் பெயர் இல்லை.

"இருந்ததும் போச்சு மாமா," என்றான் தொலைபேசியில். குரல் உடைந்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அன்று எனக்கும் பயம் வந்தது. ஊரான் பிள்ளையை அல்ல, சொந்தத் தங்கை மகனைக் கெடுத்துவிட்டோமோ என்று தூக்கம் வரவில்லை. ஆறுதலாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

அவனைக் காப்பாற்றியது என் ஆறுதல் அல்ல. மறுநாள் காலை இரவுக் காவல் முடித்து வந்த மாப்பிள்ளை, வீட்டுக்குள் நுழையாமல் சைக்கிளைத் திடலுக்குத் திருப்பினாராம். காவல் சட்டையோடு நின்று, மகனின் இடது பக்கம் பந்தை உருட்டிவிட்டாராம். ஹாக்கி தெரியாது; பந்தை உருட்டத் தெரியும், எண்ணத் தெரியும். இருபது பந்தில் எத்தனை நின்றது என்று ஒவ்வொரு நாளும் சின்ன நோட்டில் எழுதினார். முதல் நாள் ஆறு. பத்தாம் நாள் பதினொன்று. மகன் "எனக்கு வரலைப்பா," என்று சொன்னபோதெல்லாம் அந்த நோட்டைக் காட்டினார். மனம் பொய் சொல்லும், எண்ணிக்கை சொல்லாது.

இதைத் தங்கைதான் சொன்னாள். மாப்பிள்ளை என்னிடம் வாய் திறக்கவில்லை.

வாசகர்களுக்கு

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் புந்தோங் போனேன். அதைச் சொல்லுமுன், இந்தப் பயணத்தில் நான் கற்றதை நம் குடும்பங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹாக்கிக்கு மட்டுமல்ல, பூப்பந்து, தையல், தட்டச்சு, தேவாரம், மிருதங்கம், மலாய்ப் பாடம் எதுவானாலும் பொருந்தும்.

ஒன்று, நின்றுபோன பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். பெரும்பாலும் அவன் உழைக்கிறான். தெரிந்ததையே திரும்பத் திரும்ப உழைக்கிறான். தெரியாததை மறைக்கவும் அதே உழைப்புத்தான் உதவுகிறது.

இரண்டு, மறைந்திருக்கும் குறையை அவனே பார்க்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் பேசாமல் இருபது நிமிடம் பார்க்கட்டும். கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினாலும் போதும்.

மூன்று, ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பயமில்லாத இடத்தில் பழகவிடுங்கள். கிழட்டு மரம், சின்னச் சரிவு, காலித் திடல் மூன்றும் ஒன்றுதான்.

நான்கு, அவன் பிடித்துத் தொங்கும் ஊன்றுகோலைச் சில நாள் எடுத்துவிடுங்கள். அந்த அம்மா மணியை மறைத்தார். பனிமலை வாத்தியார் கைக்கோலைப் பிடுங்கினார்.

ஐந்து, இது முக்கியம். சரிவு ஒன்று வரும் என்று முன்கூட்டியே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். அந்த நாட்களில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் எல்லோரும் நாட்டுக்கு ஆடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை இருக்கலாம். ஆனால் நாம் எல்லை என்று நினைத்து உட்கார்ந்துவிடும் இடம் பல நேரங்களில் பாதி வழிதான்.

மாலை ஆட்டம்

நான் போன அன்று மாலை ஓர் ஆட்டம் இருந்தது. இரண்டாம் குழுதான். பையனைப் பாதி ஆட்டத்துக்குப் பிறகே இறக்கினார்கள். மாப்பிள்ளை என் பக்கத்தில் நின்றார். மேற்கே வெயில் தாழ்ந்து, தூரத்துச் சுண்ணாம்பு மலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

சிறிது நேரத்தில் பந்து ஒன்று வேகமாக அவன் இடது பக்கம் வந்தது. மாப்பிள்ளை மூச்சை நிறுத்தினார். பையன் சுற்றி ஓடவில்லை. மணிக்கட்டு திரும்பியது, மட்டை கவிழ்ந்தது, பந்து அதில் ஒட்டிக்கொண்டது போல் நின்றது. அடுத்த கணம் அதை முன்னால் ஓடிய கூட்டாளிக்குத் தள்ளிவிட்டான். கோல் விழவில்லை. யாரும் கைதட்டவில்லை. பார்த்தவர்களுக்கு அது ஒரு சாதாரணப் பந்து.

அவர்கள் குழு இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. பையன் வியர்வையோடு எங்களிடம் வந்தான்.

"நாலு பந்து வந்துச்சு. மூணு நின்னுச்சு," என்றார் மாப்பிள்ளை, நோட்டை மூடிக்கொண்டே.

"நாலாவது?" என்று கேட்டான் பையன்.

"அதுக்குத்தான் நாளைக் காலைல ஆறே முக்கால்."

திரும்பும் வழியில் தெங்கு உசேன் சாலையில் வண்டியை நிறுத்தி, அதே கடையில் முறுக்கு வாங்கினோம். பின்கட்டில் அந்தப் பெண் இப்போது வாணலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா பக்கத்தில் கடலைக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். முறுக்கு நன்றாகவே இருந்தது. ரயிலில் தஞ்சோங் மாலிம் வரும்வரை கூட மிச்சம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.